வகுப்புக்குப் போகாமல் பி.எட். முடிக்கலாமா? ஆங்கில ஆசிரியர் ஆக விரும்பும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஊருக்குப் பக்கத்தில் உள்ள மெட்ரிக் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பி.எட். இல்லாததால் சம்பளம் மிகவும் குறைவு. உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தபோது, "வேலையை விட வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், ரெக்கார்டு எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். ஓராண்டு பி.எட். மறுபடியும் வரப்போகிறது, பொறுத்திரு என்று சிலர் சொல்கிறார்கள். எம்.ஏ. முதலில் படிக்கலாமா, பி.எட். முதலில் படிக்கலாமா? டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 மதிப்பெண்தான் என்பது உண்மையா? எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்கு ஆங்கிலம் எழுத வரும். சரளமாகப் பேச வராது. நான் ஆங்கில ஆசிரியர் ஆகலாமா? என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் இதே ஆசை. இருவருக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று அந்தக் கல்லூரி சொன்னதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்துத்தான் மற்றவை அமையும். அந்தக் கல்லூரியில் சேராதீர்கள். ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தல் பாடத்தை நடத்தி, பயிற்சி மாணவர்களைப் பள்ளிகளில் மேற்பார்வையிட்டவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கியபோது, ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை நாட்களும் தேர்வு நாட்களும் நீங்கலாக 200 வேலை நாட்கள் கல்லூரி நடக்க வேண்டும் என்றும், வாரத்துக்கு 36 மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும் என்றும், மாணவருக்குப் பாடங்களிலும் செய்முறைகளிலும் 80 சதவீத வருகையும் பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகையும் இருக்க வேண்டும் என்றும் விதித்தன. இந்த விதியை மீறித் தரப்படும் சான்றிதழ் பார்வைக்கு மற்றச் சான்றிதழைப் போலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மெட்ரிக் பள்ளியில் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடும், அதே நாட்களில் கல்லூரியில் உங்கள் பெயரில் இடப்பட்ட வருகைப் பதிவும் ஒன்றோடொன்று மோதும். பின்னாளில் பணி அனுபவச் சான்று கொடுக்கும்போதோ, யாரேனும் புகார் எழுதும்போதோ, அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பணம் வாங்கியவர்கள் அன்று உங்களுக்காக வந்து நிற்க மாட்டார்கள்.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் மட்டும் இதை மறுக்கச் சொல்லவில்லை. பி.எட். படிப்பில் ஓர் ஆங்கில ஆசிரியருக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி எதுவோ, அதைத்தான் அந்தக் கல்லூரி உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் வீட்டிலிருந்தே புத்தகத்தைப் படித்துத் தேறிவிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று விதி சொல்கிறதே, அந்த 20 வாரங்களைப் புத்தகம் தராது.

அதற்கு முன்னதாக மைக்ரோ டீச்சிங் என்ற நுண்நிலைக் கற்பித்தல் இருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த முறையில், சக மாணவர்கள் சிலரை வகுப்பாக உட்கார வைத்து, ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது, எடுத்துக்காட்டுச் சொல்லி விளக்குவது என ஒவ்வொன்றும் ஒரு திறன். நடத்தியதும் பேராசிரியரும் தோழர்களும் குறை நிறைகளைச் சொல்வார்கள். நீங்கள் திட்டத்தைத் திருத்தி எழுதி, இன்னொரு குழுவுக்கு அதே பாடத்தை மறுபடியும் நடத்துவீர்கள். பல கல்லூரிகளில் இது ஒரு சடங்காகிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே பேசுகிறோம், கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு விநாடி கூடப் பொறுக்காமல் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம் என்பவையெல்லாம் பிறர் பார்த்துச் சொன்னால்தான் நமக்குத் தெரியவரும். இரண்டு ஆண்டுகளாக வகுப்பு எடுத்துவரும் உங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பயன்படும் என்று நினைக்கிறேன். உங்களிடம் சில பழக்கங்கள் இதற்குள் படிந்திருக்கும், அவற்றை எடுத்துச் சொல்ல இதுவரை யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்பதற்கு, நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பயிற்சி மாணவி உரைநடைப் பாடத்தின் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார், உடனே அதைத் தமிழில் சொல்வார், அடுத்த வாக்கியத்துக்குப் போவார். பத்தி முடிந்ததும் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டார். "யெஸ் மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையில் இருந்த ஐந்து சொற்களையும் எழுதியிருந்தான். இரண்டில் எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவற்றில் எதையும் அவனால் வாசிக்க முடியவில்லை. தமிழில் சொன்ன கதை அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புத்தகத்தில் இருந்த ஆங்கிலத்தை மட்டும் அவன் தொடவே இல்லை.

அன்று மதியம் அந்த மாணவியும், அந்தப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும், நானும் உட்கார்ந்து மறுநாள் பாடத்தை மாற்றி அமைத்தோம். மறுநாள் அவர் வாசிக்கத் தொடங்கும் முன்பே இரண்டு எளிய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். அவற்றைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, விடை பத்தியின் எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். ஐந்து நிமிடம் வகுப்பு அமைதியாகப் புத்தகத்தைப் பார்த்தது. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு மாணவன் எழுந்து "ஹி கோ மார்க்கெட்" என்றான். தவறு என்று சொல்லி உட்கார வைக்காமல், "யெஸ், ஹி வென்ட் டு த மார்க்கெட்" என்று திருத்தமான வடிவத்தில் அதையே அவனிடம் திருப்பிச் சொன்னார். அவன் அதை மறுபடியும் சொன்னான், இம்முறை சரியாக. அந்த வகுப்பிலும் தமிழ் இருந்தது. அது கேள்வியைப் புரியவைப்பதற்கு வந்தது, விடையைத் தேட மாணவர்கள் ஆங்கிலத்துக்குள் போயாக வேண்டியிருந்தது. தமிழைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஆசிரியர் அறைகளில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தைவிட, எந்த இடத்தில் பயன்படுத்துவது என்ற இந்தத் தெளிவுதான் நம் பள்ளிகளுக்குத் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் மதியத்தில் இதை அந்த மாணவி கற்றுக்கொண்டதற்குக் காரணம், அவர் வகுப்பில் நின்றார், அவரைப் பார்க்க ஆள் இருந்தது, மறுநாள் அதே வகுப்புக்கு மறுபடியும் போக முடிந்தது. உங்களுக்கு இது வேண்டாமென்று சொல்லி, அதற்குப் பணமும் கேட்கிறார்கள்.

ரெக்கார்டுகளைப் பற்றியும் ஒரு சொல். பாடக் குறிப்பேடு, பிறர் வகுப்பைக் கவனித்து எழுதும் அப்சர்வேஷன் ரெக்கார்டு, கற்பித்தல் துணைக்கருவிகள் என்று எழுதவும் செய்யவும் நிறைய இருக்கும். எழுதிக் கொடுக்க ஆட்களும் கடைகளும் உண்டு. கடைசியில் கமிஷன் வரும்போது, அதாவது வெளித்தேர்வர்கள் வந்து செய்முறைத் தேர்வு நடத்தும்போது, அட்டை போட்ட ரெக்கார்டுகள் மேசையில் அழகாக அடுக்கியிருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நீங்கள் உங்கள் பாடக் குறிப்புகளை உங்கள் கையாலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் "இந்த 40 நிமிட முடிவில் மாணவர் ஆங்கிலத்தில் எதைச் செய்ய முடிய வேண்டும்" என்ற ஒரு வரியை ஒவ்வொரு குறிப்பிலும் நீங்களே யோசித்து எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத பாடம் வகுப்பிலும் தடுமாறும்.

இனி, உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். சரளமாகப் பேச வராத ஒருவர் ஆங்கில ஆசிரியர் ஆகலாமா? ஆகலாம். ஆனால் பேச வராத நிலையிலேயே இருந்துவிடலாம் என்று இதற்கு அர்த்தம் கொள்ளாதீர்கள். நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளில் படித்து, அரசு கல்லூரியில் இலக்கியம் படித்து வருபவர்களில் பெரும்பாலோர் இதே நிலையில்தான் பி.எட். வகுப்புக்கு வருகிறார்கள். நாடகத்தையும் கவிதையையும் பற்றிப் பத்து பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, "புத்தகத்தை மூடிவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நா எழாது. கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் அதைச் சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை என்பதுதான் காரணம்.

வகுப்பறையில் ஆசிரியர் பேசும் ஆங்கிலம் எல்லையற்றதன்று. உட்காரச் சொல்வது, பக்கத்தைத் திருப்பச் சொல்வது, இருவர் இருவராகப் பிரிப்பது, பாராட்டுவது, மறுபடியும் சொல்லச் சொல்வது, பொருளை விளக்குவது, சரிதானா என்று சோதிப்பது ஆகியவற்றுக்கான வாக்கியங்கள் ஏறக்குறைய நூறு வந்தால் ஒரு பாடவேளையை ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாம். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, இப்போது நீங்கள் எடுக்கும் ஆறாம் வகுப்பிலேயே நாளைக்கு ஐந்து என்று பயன்படுத்தத் தொடங்குங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாரத்தில் அவர்களே அந்த வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வார்கள். இதோடு, அன்றாடம் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து, அதே பகுதியை நன்றாக வாசிக்கும் ஒருவரின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது, சொல்லின் கடைசி மெய்யெழுத்து கேட்கிறதா, ஸ, ஷ என்ற இரண்டும் வேறுபட்டு ஒலிக்கின்றனவா என்று கவனித்தாலே போதும். வெள்ளைக்காரரைப் போல ஒலிக்க வேண்டும் என்ற ஆசை தேவையில்லை. பின்வரிசையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், சொல் சொல்லாகப் பிரிந்து கேட்க வேண்டும்.

பேச்சில் சரளம் உள்ளவர்கள் எல்லோரும் நல்ல ஆங்கில ஆசிரியர்களாக இருப்பதையும் நான் பார்த்ததில்லை. நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து வந்த பயிற்சி மாணவர்கள் சிலர், கிராமத்து எட்டாம் வகுப்பின் முன்னால் நின்று தடதடவென்று பேசிவிட்டு, ஏன் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று திகைத்து நிற்பார்கள். ஒரு வாக்கியத்தைக் கட்டுவது எவ்வளவு சிரமம் என்று தன் உடம்பிலேயே உணர்ந்தவருக்கு, மாணவர் எந்த இடத்தில் நிற்கிறார், ஏன் அங்கே நிற்கிறார் என்பது சட்டென்று புலப்படும். உங்களிடம் அது இருக்கிறது. பேச்சை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு பி.எட். காலம் தாராளமாகப் போதும். பணியில் சேர்ந்த பிறகும் இதற்கு இடமுண்டு: பெங்களூரில் 1963-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம், தென்மாநில ஆசிரியர்களுக்கென்றே தங்கிப் படிக்கும் பயிற்சிகளை நடத்தி வருகிறது.

எங்கே சேர்வது? அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வியியல் கல்லூரிகளின் பி.எட். இடங்கள் கலந்தாய்வு வழியே நிரப்பப்படுகின்றன. அதன் அறிவிப்புக்காக சென்னை லேடி வெலிங்டன் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனத்தின் இணையதளத்தைக் கவனித்து வாருங்கள். தென்காசியிலிருந்து பார்த்தால் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியும், பெண்களுக்கான தூய இஞ்ஞாசியார் கல்லூரியும், தூத்துக்குடியில் வ.உ.சி. கல்வியியல் கல்லூரியும் அன்னம்மாள் கல்லூரியும் உதவி பெறும் கல்லூரிகள். பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும்; ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதில் தளர்வு உண்டு. ஆங்கிலத்துக்கான இடங்களுக்குப் போட்டி அதிகம் இருக்கும் என்பதால், விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். இரண்டு ஆண்டு வருமானம் நின்றுபோகும் என்ற கவலை நியாயமானது. உதவி பெறும் இடத்தில் கட்டணம் தனியார் கல்லூரியைவிடக் குறைவு, தகுதியுள்ளவர்களுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு, மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது கைச்செலவுக்கும் ஆகும், உங்கள் பயிற்சிக்கும் ஆகும்.

வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் சம்மதித்தால், ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையும் எண்ணிப் பாருங்கள். 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே பி.எட். நடத்துகிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாட்டில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்ட இடம் அது. பேச்சு சரளம் பற்றிய உங்கள் கவலைக்கு அங்குள்ள சூழலே பாதி மருந்து.

தனியார் கல்லூரியில்தான் சேர வேண்டிவந்தால், அதற்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று அந்தந்த இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி நுழைவாயிலில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். டீச்சிங் பிராக்டிஸுக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், ஆங்கிலம் கற்பித்தலுக்கு முழுநேரப் பேராசிரியர் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்லது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரியிலேயே வைத்துவிட்டால் வேறு விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

அஞ்சல் வழி பி.எட். பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாரேனும் சொல்லக்கூடும். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்காக வகுக்கப்பட்டது. பட்டப்படிப்பு மட்டும் முடித்த உங்களுக்கு அந்த வழி இல்லை.

ஓராண்டு பி.எட். விஷயத்தில் காத்திருப்பதில் பயனில்லை. 2025 தொடக்கத்தில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட வரைவில் அது பேசப்பட்டது உண்மை. ஆனால் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கும் முதுகலை முடித்தவர்களுக்கும் உரியதாகவே அது முன்வைக்கப்பட்டது. நீங்கள் மூன்றாண்டு பி.ஏ. முடித்தவர். அதற்காக முதலில் எம்.ஏ. படிக்கப் போனால், இரண்டும் ஒன்றுமாக மூன்று ஆண்டுகள் ஆகும். இன்று இரண்டு ஆண்டு பி.எட். சேர்ந்தால் அதற்கு ஓராண்டு முன்பாகவே பட்டதாரி ஆசிரியருக்கான கல்வித் தகுதி உங்கள் கையில் இருக்கும். எனவே பி.எட். முதலில். பி.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால், ஆறு முதல் பத்து வரை வகுப்பெடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி, எம்.ஏ.வையும் சேர்த்துக்கொண்டால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வையும் எழுதலாம். எம்.ஏ.வைப் பி.எட். முடித்த பிறகு படியுங்கள். இரண்டையும் ஒரே காலத்தில் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு படிப்புகளின் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், பணி நியமனத்துக்கு முந்திய சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி எழும்.

டெட் தேர்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010 ஆகஸ்ட்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. நம் மாநிலத்தில் பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து கற்பிப்பதால், அவரும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான இரண்டாம் தாளில் தேறியாக வேண்டும். 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் முதலான முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதமுள்ள 60 மதிப்பெண்ணுக்கு கணிதமும் அறிவியலும் ஒரு பிரிவு, சமூக அறிவியல் ஒரு பிரிவு. ஆங்கிலப் பட்டதாரி இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில ஆசிரியர் ஆகப் போகிறவர் தம் பாடத்தில் 30-க்கும், என்றுமே கற்பிக்கப் போகாத பாடத்தில் 60-க்கும் எழுத வேண்டியிருப்பது நியாயமான ஏற்பாடு என்று நான் கருதவில்லை. மொழி ஆசிரியர்களுக்கு இது மாற்றப்பட வேண்டும். ஆனால் மாறும் வரை, ஆறிலிருந்து பத்து வரையிலான சமூக அறிவியல் பாடப்புத்தகங்களை வாங்கி, பி.எட். முதலாண்டு விடுமுறையிலேயே வரி வரியாகப் படிக்கத் தொடங்குங்கள். இலக்கியம் படித்தவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலையே எடுக்கிறார்கள். வரலாறு கதையாக ஓடிவிடும், புவியியலிலும் பொருளியலிலும்தான் மதிப்பெண் நழுவும்.

தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண், என்பது அடிப்படை விதி. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசு தரும் தளர்வின் அளவை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள். தேர்வை எளிதாக எண்ணிவிட வேண்டாம்: தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2013-க்குப் பிறகு அடுத்த தேர்வு 2017-இல்தான் வந்தது. ஆகவே பி.எட். படிக்கும்போதே அறிவிப்பு வந்து, விண்ணப்பிக்கத் தகுதியும் இருந்தால் எழுதிவிடுங்கள். ஒருமுறை தேறினால் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். சான்றிதழ் ஏழாண்டுக்குத்தான் செல்லும் என்ற பழைய வரம்பை 2021-இல் நீக்கிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, இதிலிருந்து விலக்கு வரும் என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதற்கில்லை. பி.எட்.டும் டெட்டும் இல்லாமல் இப்போது நீங்கள் பார்க்கும் வேலையும் உறுதியானதன்று என்பதை இதிலிருந்தே உணரலாம்.

டெட் தேறியவுடன் வேலை வந்துவிடாது. 2018-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு, தேறியவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் நடந்த தேர்வின் அமைப்பு இது: தமிழ் மொழித் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுத்தால்தான் அடுத்த தாள் திருத்தப்படும்; அடுத்த தாள் 150 மதிப்பெண்ணும் அவரவர் பாடத்தில். ஆங்கிலப் பட்டதாரிக்கு உரிய களம் இதுதான். பழங்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை நீங்கள் பி.ஏ.வில் படித்தவை இங்கேதான் கைகொடுக்கும் என்பதால், பழைய குறிப்புகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு டெட் தேவையில்லை. அதில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என்று மதிப்பெண்கள் பிரிந்திருக்கின்றன. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளை நாடினால், சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத வேண்டும்.

உங்கள் தங்கைக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய நான்காண்டு ஒருங்கிணைந்த பி.ஏ., பி.எட். படிப்பில், பட்டமும் பயிற்சியும் சேர்ந்தே முடிந்து, நீங்கள் செலவிடும் ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆண்டு மிச்சமாகும். 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இதையே 2030-க்குள் ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சப் படிப்பாக்க வேண்டும் என்கிறது. இதற்கான நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. மைசூரில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் நான்காண்டுப் படிப்புகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. தமிழ்நாடும் அதன் எல்லைக்குள் வருவதால், அதை முதலில் விசாரியுங்கள். சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்: பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடமாக ஆங்கிலம் என்று இருக்குமா என்பது. இங்கே பட்டதாரி ஆசிரியர் நியமனம் பாடவாரியாக நடக்கிறது. முதன்மைப் பாடத்தின் பெயர் சற்று மாறியிருந்தாலும், அது ஆங்கிலத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சரிபார்ப்பின்போது கேட்பார்கள். உங்கள் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு அந்தச் சிக்கல் வராது.